மையக்காவும் பத்தொன்பது பக்கங்களும்

வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் வாசல் காவலாளி முதல் துணைச் செயலாளர் வரை எல்லோருக்கும் அவர் மையக்காதான். துணைச் செயலாளர் மட்டும் நேரில் பார்த்தால் "மேடம்" என்பார். அவர் அந்தப் பக்கம் போனதும், "மையக்காகிட்ட அந்தக் கோப்பு என்னாச்சுன்னு கேளு" என்பார்.

நாங்கள் இருந்தது அமைச்சகத்தின் மூன்றாம் மாடியில், தகவல் பிரிவில். அரசாங்கத்திடம் இருக்கிற எந்தக் காகிதத்தையும் குடிமக்கள் கேட்டு வாங்கலாம் என்று ஒரு சட்டம் உண்டு. கொடுக்கக் கூடாத இடங்களை மறைத்துவிட்டுக் கொடுக்கலாம் என்று அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. முதல் பாதி என் வேலை. வருகிற கடிதங்களைப் பிரித்து, முத்திரை குத்தி, எண் போட்டுப் பதிவேன். இரண்டாம் பாதி மையக்காவின் வேலை. எந்தெந்த வரியை மறைக்க வேண்டும் என்று மேலே இருந்து குறித்து அனுப்புவார்கள். அவர் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்கேலை வைத்து, கறுப்பு மார்க்கரால் ஒவ்வொரு வரியாக மூடுவார். அதோடு முடிந்துவிடாது. மூடிய காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடியில் எழுத்து தெரியும். அதனால் அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸைத்தான் அனுப்ப வேண்டும்.

நடுவில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டரில் மறைத்துப் பார்த்தார்கள். அப்படி அனுப்பிய ஒரு பக்கத்தை ஒரு கல்லூரி மாணவி நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டியபோது, கறுப்புக் கட்டத்துக்கு அடியில் இருந்த வரிகளெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றன. பாவம், அவள் நல்லவள், எங்களுக்கே எழுதிச் சொன்னாள். மறுவாரமே மார்க்கர் பெட்டிகள் திரும்பி வந்தன. மையக்காவின் ஆள்காட்டி விரலும் பழையபடி கறுத்தது. "யாருக்கு மை வைக்கப் போறீங்க இன்னைக்கு?" என்று பக்கத்துப் பிரிவுக்காரர்கள் கேட்பார்கள். "வரிசையில நில்லுங்க, டோக்கன் தரேன்" என்பார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "அந்த விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தை எடுப்பார். அண்ணன் இறந்து ஆறு வருஷம். அண்ணியும் அவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரண்டு பஸ் மாறி வர வேண்டும். எங்கள் கட்டடத்து லிப்ட் வாரத்தில் மூன்று நாள் ஓடும், எந்த மூன்று நாள் என்று அதற்கே தெரியாது. ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு முட்டியையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் கண்ணை மூடியிருப்பார். அந்த ஐந்து நிமிஷத்தில் யாரும் அவரிடம் பேச மாட்டோம்.

மறைக்கிற வரிகளை அவர் படிப்பதில்லை. எதிர் மேசையில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒருமுறை கேட்டேன். "படிச்சா கை நடுங்கும் தம்பி. கோடு கோணலாப் போகும். நான் கோடு போடத்தான் இருக்கேன்" என்றார்.

அந்த வருஷம்தான் அந்த மசோதா வந்தது. ஒவ்வொருவர் போனிலிருந்தும் போகிற ஒவ்வொரு செய்தியையும் படத்தையும், அது போய்ச் சேருவதற்கு முன்பே ஓர் இயந்திரம் திறந்து பார்க்கும். குழந்தைகளைக் கெடுக்கிறவர்களைப் பிடிப்பதற்காக என்றார்கள். நோக்கத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பெட்டிக்குள் ஒரு திருடன் இருக்கலாம் என்பதற்காக ஊரில் இருக்கிற எல்லாப் பெட்டியையும் உடைப்பதா என்று சிலர் கேட்டார்கள். அமைச்சர் சபையில் எழுந்து, "எங்கள் சட்ட வல்லுநர்கள் இதை முழுமையாக ஆராய்ந்துவிட்டார்கள். தடை ஏதும் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில், நிறுத்தி நிதானமாக எழுதிய கையெழுத்து. எழுதியவர் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். "சட்ட வல்லுநர்கள் பார்த்துவிட்டார்கள் என்று அமைச்சர் சொன்னார். அவர்கள் பார்த்ததை நானும் பார்க்க விரும்புகிறேன். அந்தக் கருத்துரையின் நகலைத் தரவும்." அவ்வளவுதான். முத்திரை குத்தி எண் போட்டேன்.

கருத்துரை பத்தொன்பது பக்கம். துணைச் செயலாளர் அதைப் புரட்டக்கூட இல்லை. அவர் கொடுமைக்காரர் அல்ல. வயிற்றுப் புண்காரர். மேசையில் எப்போதும் மாத்திரை அட்டை இருக்கும், பேசும்போதே ஒன்றை எடுத்து மென்றுகொண்டிருப்பார். "தலைப்பு, தேதி, பக்க எண். அத மட்டும் விட்டுட்டு மத்ததை மூடிடுங்க மேடம்" என்றார்.

"எல்லாமா சார்?"

"சட்ட ஆலோசனை. வெளிய போனா முடிவெடுக்கிறது பாதிக்கும். பிரிவு ஏழு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மையக்கா பத்தொன்பது பூசணிக்காயை மறைத்தார். இரண்டரை நாள் ஆயிற்று, மூன்று மார்க்கர் தீர்ந்தது. இரண்டாம் நாள் பதினோராம் பக்கத்தில் ஒரு மார்க்கரின் முனை தேய்ந்து, ஒரு வரி பாதி மூடியும் பாதி மூடாமலும் நின்றது. எந்த இடம் விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கக் குனிந்தவர், கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு புது மார்க்கரை எடுத்து, அந்த வரிக்கு இரண்டு பூச்சு கொடுத்தார்.

டீ குடிக்கும்போது கேட்டார்: "தம்பி, அன்னைக்கு சபையில அமைச்சர் என்ன சொன்னாரு?"

"வக்கீலுங்க பார்த்துட்டாங்க, தடை ஒண்ணும் இல்லன்னாரு."

"ம்."

"ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல. டீ ஆறிப்போச்சு."

அந்த வரியில் என்ன இருந்தது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார். யார் மேலும் சந்தேகம் இல்லாதபோதே எல்லோருடைய செய்தியையும் திறந்து பார்ப்பது அந்தரங்க உரிமையின் அடிமடியிலேயே கை வைப்பதாகும். இந்த வடிவில் இந்தச் சட்டம் நீதிமன்றத்தில் நிற்காது. அரசாங்கத்தின் சொந்த வக்கீல்கள் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தது அது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அமைச்சர் தடை இல்லை என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிடும்போது அண்ணியிடம் மசோதாவைப் பற்றி மட்டும் பேசினாராம். கருத்துரையைப் பற்றி மூச்சு விடவில்லை. அலுவலகக் காகிதத்தை வீட்டில் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"பார்த்தா பார்த்துட்டுப் போறாங்க" என்றாராம் அண்ணி. "கெட்டவனைப் பிடிக்கத்தானே? மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்."

"சரிதான் அண்ணி. உங்க முதுகுல சொறி வந்தப்ப டாக்டருக்கு நாலு படம் அனுப்பினீங்களே, அதையும் பார்ப்பாங்க."

அண்ணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அதை எதுக்குப் பார்க்கணும்?"

"அது முதுகா வேற எதாவதான்னு மெஷினுக்குத் தெரியாதாம். சந்தேகம் வந்தா ஓர் ஆளுக்கு அனுப்பி வைக்குமாம்."

"எந்த ஆளு?"

"என்னை மாதிரி யாராவது ஒரு எழுத்தர்."

அண்ணி கையைக் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்து, அந்த நாலு படத்தையும் அழித்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாராம். இதைச் சொல்லும்போது மையக்கா சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சிரிக்கிற விஷயமில்ல தம்பி" என்றார்.

பத்தொன்பது கறுப்புப் பக்கங்களும் தபாலில் போயின. மூன்றாம் வாரம் அதே நோட்டுத் தாளில் மேல்முறையீடு வந்தது. "தாங்கள் அனுப்பிய பத்தொன்பது பக்கங்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. தலைப்பையும் தேதியையும் பக்க எண்களையும் படித்தேன். பக்க எண்களில் பிழை ஏதும் இல்லை. மற்றவற்றைப் பற்றிக் கருத்துச் சொல்லும் நிலையில் நான் இல்லை. மறுபரிசீலனை செய்யவும்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மையக்கா வாங்கிப் படித்தார். சிரிக்கவில்லை. "எழுத்து நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மறுபரிசீலனை என்பது எங்கள் கட்டடத்திலேயே இரண்டு மாடி மேலே நடப்பது. கிணற்றில் போட்ட கல். இரண்டு மாதம் கழித்து, "முந்தைய முடிவில் தலையிடக் காரணமில்லை" என்று ஒரு வரி வந்தது. அதையும் நான்தான் உறையில் போட்டு அனுப்பினேன்.

அடுத்து அவர் வெளியே, மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போனார். அது அமைச்சகத்துக்குக் கட்டுப்படாத தனி அமைப்பு. அங்கே கொடுத்த மனுவின் நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்பியிருந்தார். கடைசிப் பக்கத்தில், சட்டத்துக்குத் தேவையே இல்லாத, எங்களுக்கென்றே எழுதிய ஒரு பத்தி இருந்தது. அதை மையக்கா எனக்குப் படித்துக் காட்டினார். பதினோரு வருஷத்தில் அவர் எனக்கு எதையாவது படித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை.

"என் மனைவிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து, குரல் போய் நான்கு வருஷம் ஆகிறது. ஒரே அறையில் இருந்தாலும் நாங்கள் போனில் எழுதித்தான் பேசிக்கொள்கிறோம். நான் வாயால் பதில் சொல்லலாம். அவள் எழுதும்போது நான் மட்டும் பேசுவது நன்றாக இல்லை என்று நானும் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்தச் சட்டம் தபாலைப் பிரித்துப் பார்ப்பது போல இருக்கும். எங்களுக்கு அது வீட்டுக்குள் வந்து நடுவில் நாற்காலி போட்டு உட்காருவது. காரணம் சொல்லாமலே கேட்கிற உரிமை எனக்கு உண்டு என்று தெரியும். ஆனால் ஆறு மாதமாக நாம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருக்கிறோம். சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது."

படித்து முடித்துக் கடிதத்தை மடித்தார். மடித்த இடத்திலேயே மறுபடி மறுபடி நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தார்.

மன்றம் கோப்பைக் கேட்டது. அனுப்புவதற்கு முன் கோப்பில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். எங்கள் கோப்புகளில் அது வழக்கம். வலது பக்கம் கடிதங்கள், இடது பக்கம் குறிப்புகள். கீழே இருக்கிறவர் முதலில் எழுதுவார், மேலே இருக்கிறவர்கள் அதற்கு அடியில் எழுதிக்கொண்டே போவார்கள். இருபத்தாறு வருஷமாக மையக்கா எழுதிய குறிப்பு ஒன்றேதான்: "உத்தரவுப்படி மறைக்கப்பட்டது. பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது." அதை அவர் தூக்கத்தில்கூட எழுதுவார்.

அந்த முறை அவர் அலமாரியைத் திறந்து, மை படாத அசலை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அன்று முழுக்கப் படித்தார், மறுநாள் மத்தியானம் வரை படித்தார். நடுவில் என்னிடம், "விகிதாசாரம்னா இங்க என்ன அர்த்தத்துல சொல்றாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அகராதியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் எழுதிய குறிப்பை நான் பிறகு பார்த்தேன். ஒன்றரைப் பக்கம். முதல் நான்கு பக்கங்களில் இருப்பது ஏற்கெனவே அரசிதழில் அச்சான விவரம், மறைப்பதில் பொருளில்லை. ஐந்திலிருந்து பதினேழு வரை சட்ட விளக்கம், அதில் ரகசியத் தகவலோ, நடக்கிற விசாரணை பற்றிய விவரமோ இல்லை. கடைசி இரண்டு பக்கத்தில் ஓர் அதிகாரியின் சொந்தத் தொலைபேசி எண் இரண்டு வரிகளில் வருகிறது, அதை மட்டும் மறைக்கலாம். கடைசியில்: "மற்றவற்றை மறைப்பதற்கான காரணம் எனக்குத் தெரியவில்லை. உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கிறேன்." கீழே கையெழுத்து, தேதி.

அரை மணி நேரத்தில் உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. கதவு சாத்தவில்லை, அதனால் எனக்கும் கேட்டது.

"என்ன மேடம் இது?"

"குறிப்பு சார்."

"அது தெரியுது. உங்களை யாரு கருத்துக் கேட்டாங்க? எப்பவும் எழுதறத எழுதிட்டுப் போயிருக்கலாம்ல?"

"படிச்சுப் பார்த்தேன் சார். அதனால எழுதிட்டேன்."

மாத்திரை அட்டை உடைகிற சத்தம் கேட்டது. "இந்தத் தாளை எடுத்துடுங்க. வேற ஒண்ணு எழுதிக் குடுங்க. நானும் பார்க்கல, நீங்களும் எழுதல."

"பக்க எண் போட்டாச்சு சார். பதிவேட்டுலயும் ஏத்தியாச்சு. எடுத்தா நடுவுல ஒண்ணு குறையும்."

தாளை முன்னும் பின்னும் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கு?"

"மூணு சார்."

"மூணு வருஷம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும். எதுக்கு இந்த வேலை?"

"தெரியல சார்" என்றார் மையக்கா. "எனக்கே அலுப்பாத்தான் இருக்கு."

துணைச் செயலாளர் அந்தக் குறிப்புக்கு அடியில் "ஏற்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேர்மையாகச் சொல்ல வேண்டும், அவர் தாளைக் கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் நாங்கள் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டோம். நான் திறந்திருக்க மாட்டேன்.

விசாரணை நாளன்று கோப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அந்த முட்டிகளோடு மையக்காவால் அந்தக் கனத்தைத் தூக்க முடியாது. சின்ன அறை. மேசைக்குப் பின்னால் மன்ற உறுப்பினர், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஓர் அம்மா. முன்வரிசையில் எங்கள் வக்கீலும் துணைச் செயலாளரும். நானும் மையக்காவும் கடைசி பெஞ்சு.

மெஷின் ரிப்பேர்காரரை அன்றுதான் பார்த்தோம். ஒல்லியான ஆள், அயர்ன் செய்த சட்டை, நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு. பக்கத்தில் அவர் மனைவி, கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி கட்டியிருந்தார். இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மனைவி ஏதோ எழுத, அவர் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்தார். மனைவியின் தோள் குலுங்கியது. சத்தமே இல்லை. மையக்கா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவா இருக்கும்?" என்று என் காதில் கேட்டார். "நம்ம வக்கீல் மீசையப் பத்தி இருக்கும்" என்றேன். "அப்படித்தான் இருக்கணும்" என்றார்.

எங்கள் வக்கீல் முக்கால் மணி நேரம் பேசினார். சட்ட ஆலோசனை வெளியே வந்தால் இனி எந்த வக்கீலும் மனதில் பட்டதை எழுத மாட்டார், நாட்டின் முடிவெடுக்கும் முறையே ஆட்டம் காணும் என்றார். உறுப்பினர் அம்மா கேட்டுக்கொண்டே கோப்பைப் புரட்டினார். ஓர் இடத்தில் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இங்க ஒரு குறிப்பு இருக்கே. பக்கவாரியா எழுதியிருக்காங்க."

"அது கீழ்நிலை எழுத்தரோட சொந்தக் கருத்து. துறையோட நிலைப்பாடு இல்ல" என்றார் வக்கீல்.

"சரி. துறையோட நிலைப்பாடு எந்தப் பக்கத்துல இருக்கு?"

"அதுக்குக் கீழேயே இருக்கு. ஏற்கவில்லைன்னு."

"ஏன் ஏற்கலைன்னு?"

வக்கீல் துணைச் செயலாளரைப் பார்த்தார். அவர் சட்டைப் பையில் மாத்திரையைத் தேடினார்.

"பத்தொன்பது பக்கத்தையும் முழுசாப் படிச்சது இந்த எழுத்தர் ஒருத்தர்தான் போலிருக்கு" என்றார் அந்த அம்மா. "மேல யாராவது படிச்சிருந்தா சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

வக்கீல் தன் தாள்களை அடுக்கத் தொடங்கினார். மையக்கா தன் கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார். மெஷின் ரிப்பேர்காரர் திரும்பிப் பார்த்தார், யார் அந்த எழுத்தர் என்று தேடுகிற மாதிரி. எங்களையும் பார்த்தார், எங்களைத் தாண்டிச் சுவரையும் பார்த்தார். அவருக்குத் தெரிய வழியில்லை. போய்ச் சொல்லலாமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி. இத்தனை பக்கம் மூடினதும் நான்தானே" என்றார்.

இரண்டு வரியைத் தவிர மற்றதை முப்பது நாளில் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பதினோராம் நாள் இன்னொரு உத்தரவும் வந்தது. "நிர்வாக நலன் கருதி" மையக்காவைப் பின்கட்டு ஆவண அறைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த உறையைப் பிரித்தவன் நான். முத்திரை குத்தி, எண் போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். ஊழியர் சங்கத்தில் பேசலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒரு மனு தயாராயிற்று. கையெழுத்துப் போட நாலு பேருக்கு மேல் வரவில்லை. நான் அந்த நாலில் ஒருவன் என்று சொல்ல ஆசைதான்.

ஆவண அறை தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. தூசி, ஏணி, பழைய கட்டுகள். ஏணி ஏற வேண்டாம், கேட்கிறவர்களையே ஏறச் சொல்லு என்று அண்ணி சொல்லி அனுப்புவாராம். கேட்க யாரும் வருவதே இல்லை என்பது அண்ணிக்குத் தெரியாது. மத்தியானம் நான் இறங்கிப் போய் அவரோடு டீ குடிப்பேன். ரொம்ப இருமினார். "இங்க ஒரு சௌகரியம் தம்பி. படி ஏற வேண்டாம்" என்றார். அவருக்கு வர வேண்டியிருந்த கண்காணிப்பாளர் பதவி வரவில்லை. அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை, நான்தான் பேசுவேன்.

கருத்துரையும் உடனே வெளியே வரவில்லை. அமைச்சகம் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. வாய்தா மேல் வாய்தா. ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தது. மெஷின் ரிப்பேர்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையைச் சாத்திவிட்டு மனைவியோடு வந்தார் என்று வக்கீலின் குமாஸ்தா சொன்னார். கடைசியில் நீதிமன்றம் மன்றத்தின் உத்தரவையே உறுதி செய்தது. அந்தத் தீர்ப்புக்கு மூன்று வாரம் முன்னால் அமைச்சகம் மசோதாவை, "மேலும் பரிசீலிப்பதற்காக" என்று சத்தமில்லாமல் திரும்பப் பெற்றிருந்தது. அதனால் கருத்துரை வெளியே வந்த அன்று பத்திரிகைகளில் ஒரு நாள் பெரிதாக வந்தது, மறுநாள் சின்னதாக வந்தது, மூன்றாம் நாள் வேறு சேதி.

ஒரு நகலை அடித்து எடுத்துக்கொண்டு கீழே போனேன். பத்தொன்பது பக்கம், இரண்டு வரி மட்டும் கறுப்பு. மையக்கா கையில் வாங்கி, எடை பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டார்.

"படிக்கலையாக்கா?"

"படிச்சதுதானே." பிறகு, "அண்ணிக்குக் கொண்டுபோறேன். என்னை இங்க மாத்தினதுலேருந்து என்னதான் இருக்கு அதுலன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார்.

அண்ணி நாலு நாள் எடுத்துப் படித்தாராம். பதினோராம் பக்கம் வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு, "இதை எழுதி வாங்கிட்டா அந்த ஆளு அப்படிப் பேசினாரு?" என்று கேட்டாராம். "ஆமா." "இதையா நீ ரெண்டரை நாள் உட்கார்ந்து மூடின?" "ஆமா அண்ணி." அண்ணி எழுந்து போய் வெந்நீர் வைத்து, நாத்தனாரின் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தாராம்.

மையக்கா ஓய்வு பெற்ற ஏழாம் மாதம் மசோதா மறுபடி வந்தது. புதுப் பெயர், புது அமைச்சர். எல்லாச் செய்தியையும் என்பதற்குப் பதில் "தேவைப்படும் செய்திகளை" என்று இருந்தது. யாருக்குத் தேவைப்படும் என்று எழுதவில்லை. புதுக் கருத்துரை ஒன்றும் இருந்தது, இருபத்தாறு பக்கம். அதைக் கேட்டு இந்தத் தடவை பதினேழு பேர் எழுதினார்கள். அவர் இருந்த மேசையில் இப்போது நான். எல்லாவற்றையும் மூடச் சொல்லி மேலே இருந்து வந்தது.

நானும் படித்தேன். மூன்று நாள் ஆயிற்று. குறிப்பு எழுத உட்கார்ந்தபோது, எனக்கு இன்னும் பத்து வருஷம் சர்வீஸ் இருப்பதும், மகளின் படிப்பும், பின்கட்டு அறையின் இருமலும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன. ஒன்பது பக்கம் கொடுக்கலாம், மற்றவை உத்தரவுக்கு என்று எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்ணிதான் கதவைத் திறந்தார். மையக்கா கூடத்தில் சாய்வு நாற்காலியில், இரண்டு காலையும் ஒரு முக்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். விரலில் கறுப்பு போய்விட்டிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது பக்கத்தையும் சொன்னேன்.

"இருபத்தாறுல ஒன்பதா?"

"ஆமாக்கா. முழுசா எழுத வரல."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "வராது தம்பி" என்றார். "எனக்கு அந்த ஒண்ணு எழுத இருபத்தாறு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி எத்தனை பேருக்குக் கறுப்புத் தாள் அனுப்பினேன், யாருன்னு கூட ஞாபகமில்ல."

"மறுபடியும் மன்றம், கோர்ட்டு, வாய்தான்னு போகணும். எத்தனை தடவைக்கா?"

"அவங்க எத்தனை தடவை கொண்டு வராங்களோ அத்தனை தடவை யாராவது கேட்பாங்க."

"நீங்க கேட்பீங்களா?"

"நானா? எனக்கு முட்டி வலிக்குது" என்றார். அண்ணி சமையலறையிலிருந்து, "அதெல்லாம் நான் எழுதிப் போட்டாச்சு. பதினேழு பேர்ல ஒருத்தி நான்தான்" என்று குரல் கொடுத்தார். திடுக்கிட்டு மையக்காவைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கினார். "என்கிட்டயும் சொல்லல. எழுத்துப் பிழை பார்க்கவாவது குடுத்திருக்கலாம்."

அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் மனுவின் நகலை எடுத்துக் காட்டினார். படித்துப் பார்த்தேன், இரண்டு இடத்தில் பிழை இருந்தது. அதைச் சொல்லலாம் என்று நிமிர்ந்தபோது மையக்கா தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருந்தது. அண்ணி அதை மெல்லக் கழற்றி மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.